கூரையில் இலியாஸ் பாய் போட்ட வட்டம்

திருமயம் கோட்டைக்குக் கீழே ஒரு வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். காலை பதினொரு மணி இருக்கும். வண்டிக்குள் இருக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் மோட்டார் மட்டும் கர் கர் என்று கத்தியது. என் கணவர் படுத்தபடியே, "இலியாஸ் பாய்க்குப் போன் போடு சரசு" என்றார். போட்டேன். எடுத்தது பாய் இல்லை, அவர் மனைவி ஆபிதா.

"பாய் இல்லையா ஆபிதா?"

"நீங்க சொல்லுங்கக்கா. வண்டிக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டாள். வழியில் ஒரு போர் தண்ணீர் என்றேன்.

"அப்ப மண்ணு வந்திருக்கும். மோட்டாருக்கு முன்னாடி சின்னதா ஒரு கண்ணாடி டப்பா இருக்கும் பாருங்க. அதைத் திருகினா கழண்டுக்கும். உள்ள சல்லடை இருக்கும், கழுவிப் போடுங்க. முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க."

வண்டி ஓட்டும் என் தம்பி சேகர் குனிந்து கழற்றினான். சல்லடை முழுக்கச் செம்மண். கழுவி மாட்டியதும் தண்ணீர் வந்தது. ஆபிதா அதுவரை போனை வைக்கவில்லை.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு ஆபிதா."

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

"உட்காருங்கக்கா" என்றாள். பிறகு சொன்னாள். "அவரு போய்ட்டாருக்கா. முந்தாநாள் மதியம் ஏணியில இருந்து இறங்கி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு. வேலூர் போறதுக்குள்ள முடிஞ்சுது. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்."

அழுகையை விட முதலில் வந்தது வெட்கம். கணவரை மண்ணுக்குக் கொடுத்து ஒரு நாள்தான் ஆகிறது. அவளிடம் நான் மோட்டார் கத்துகிறது என்று நீட்டி முழக்கியிருக்கிறேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ரோட்ல நிக்கிறவங்களுக்கு முதல்ல வழி சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம்னு அவரு சொல்லுவாருக்கா. அதான்."

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருந்த அவருடைய தகரக் கொட்டகைக்கு வண்டி கொண்டுபோன உங்களில் பலருக்கு இந்தச் செய்தி எனக்கு முன்பே வந்திருக்கும். பள்ளிக்கூட பஸ், தோல் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன், கல்யாண வண்டி என்று உங்கள் வண்டிகளில் எல்லாம் அவர் கை பட்டிருக்கிறது. தட்டி நிமிர்த்தி, பற்ற வைத்து, ஒழுகுகிற கூரையை அடைத்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் வண்டியில் மூன்று மாதம் அவர் கையே வைக்கவில்லை. நான் எழுத உட்கார்ந்திருப்பது அதைப் பற்றித்தான்.

என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பினிஷிங் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனபோது, அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது, படுத்துவிட வேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ், ரயில், கார் எதுவும் இனி இல்லை. அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றுகொண்டு பள்ளிகொண்டா ரங்கநாதரை நினைத்துக்கொண்டேன். பெருமாளே, நீயும் படுத்துத்தான் இருக்கிறாய். இவரை எழுப்பி நடக்க விடு, நீ படுத்திருக்கும் கோயில்களுக்கெல்லாம் இவரைப் படுக்க வைத்தே கூட்டி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கோலை ஊன்றி நூறு அடி நடக்கிறார். பெருமாள் தன் பங்கைச் செய்துவிட்டார். என் பங்கு பாக்கி நின்றது.

அதற்காக வாங்கியதுதான் அந்த வண்டி. வேனைத் தயாரித்தது ஒரு கம்பெனி. அதற்குள் கட்டில், சின்ன அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றிக் கொடுத்தது வெளியூரில் இன்னொரு கம்பெனி. தெருவில் இறக்கியபோது ஊரே கூடியது. "சினிமாவுல நடிகைக்கு மேக்கப் போடுற வண்டி மாதிரி இருக்குதே, சரசு எப்ப ஷூட்டிங்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே கதவு நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். சக்கரம் இருந்தாலும் வீடு வீடுதானே.

பள்ளிகொண்டாவும் காஞ்சிபுரத்துத் திருவெஃகாவும் முடிந்தன. ஐப்பசியில் திருவரங்கம் புறப்படும் நேரத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. கட்டிலுக்கு நேர் மேலே காற்றாடி வைக்க ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த ஓரத்தில் இருந்து சொட்டு சொட்டாக அவர் மார்பில் விழுந்தது. ஒருவர் படுக்கும் கட்டில், நகர்ந்து படுக்க இடம் இல்லை. நான் பக்கத்தில் நின்று ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை அவர் மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். "அபிஷேகம் பண்ற சாமியை விட்டுட்டு எனக்குப் பண்றியே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரைப் பலகை ஊறி, தொட்டால் அமுங்கியது. அது பெயர்ந்து விழுந்தால் அவர் மேல்தான் விழும்.

வேன் கம்பெனிக்குப் போன் செய்தேன். கூரையை வெட்டியது நாங்கள் இல்லை, வீடாக மாற்றியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களைக் கேட்டேன். ஆள் அனுப்புகிறோம், அதுவரை வெளி ஆள் யாரும் கை வைக்கக்கூடாது, வைத்தால் வாரண்டி செல்லாது என்றார்கள். எப்போது அனுப்புவீர்கள் என்றேன். அனுப்புவோம் என்றார்கள். வாரண்டி ஒரு வருடம். அதில் மூன்று மாதம் மீதி இருந்தது.

சேகர்தான் வண்டியை இலியாஸ் பாயிடம் கொண்டுபோனான். ஏணி போட்டு ஏறினார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். இறங்கி உள்ளே வந்து, கட்டிலில் படுத்திருந்த என் கணவருக்கு சலாம் சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"அரை மணி நேர வேலைக்கா. மேல பசை சரியா ஒட்டலை. பழசைச் சுரண்டிட்டுப் புதுசா வெச்சா நின்னுடும்."

"வெச்சிடுங்க பாய்" என்றேன், அழாத குறையாக.

"வாரண்டி இருக்குதா?"

"மூணு மாசம் இருக்குது."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தத் தோற்றம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உயரமான மனிதர், வண்டியின் உள் கூரை தலையில் இடிக்கும் என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் தொட மாட்டேன். நான் கை வெச்சா அவங்க கை கழுவிடுவாங்க. ஒழுகலை நான் நிறுத்திடுவேன். ஊறிப்போன பலகையை யார் மாத்துவா? அதுக்கு மொத்தக் கூரையையும் இறக்கணும். அது அவங்க பட்டறையிலதான் முடியும். நாளைக்கு பாட்டரி போச்சுன்னாக்கூட, வெளி ஆள் தொட்டதாலதான் போச்சும்பாங்க."

"மழை வந்தா?"

"கொட்டாயில விடுங்க. தகரம் என்னுது. அது ஒழுகினா என்னைக் கேளுங்க."

அப்படித்தான் எங்கள் வண்டி அவர் கொட்டகையில் நின்றது. வருமானம் வருகிற ஒரு பஸ் நிற்க வேண்டிய இடம் அது. நானும் கணவரும் வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் அங்கே போவோம். அவர் வண்டிக் கட்டிலில் படுத்துக்கொள்வார், வீட்டை விட்டு வந்த மாதிரி இருக்கும். நானும் பாயும் வாரண்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவோம்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் மருந்து அட்டைகளையும் அகராதி வைத்துப் படித்துப் படித்து ஆங்கிலம் கொஞ்சம் வசப்பட்டிருந்தது. பாய்க்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் வண்டி வரும். நான் ஒரு வரி வாசித்து அர்த்தம் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரி வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று யோசிப்பார். "தேய்மானத்தால் வரும் கோளாறுக்குப் பொறுப்பில்லை" என்ற வரி வந்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கம்பெனியில் இருந்து போனில் பேசியவன் இதைத்தான் சொல்லியிருந்தான்.

பாய் கண்ணைத் திறந்தார். "செருப்போட அடி தேயும்க்கா. ஏன்னா அது மேல மனுஷன் நிக்கிறான். கூரை எப்படித் தேயும்? அது மேல யார் நடக்கிறா?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். தப்பும் தவறுமாக இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு தேய்மானம் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

மதியம் லுகர் தொழுகைக்கு அவர் கிளம்பும்போது நான் வண்டியில் நின்றபடி பாசுரம் வாசிப்பேன். ஒரு நாள் திரும்பி வந்தவர் கதவருகே நின்று கேட்டார். "உங்க சாமியும் படுத்துட்டாரு, அண்ணனும் படுத்துட்டாரு, வண்டியும் படுத்துடுச்சு. நீங்க மட்டும் எதுக்குக்கா நிக்கிறீங்க? உட்காந்துதான் வேண்டிக்குங்களேன்."

என் கணவர் உள்ளிருந்து, "நீங்க இன்னா வேண்டிக்கிட்டீங்க பாய்?" என்றார்.

"அதேதான். கம்பெனி இன்ஸ்பெக்டர் வரணும்னுதான்."

விண்ணப்பம் நிரப்புகிற அன்றுதான் என் தலையில் இடி விழுந்தது. வண்டியை வீடாக மாற்றிய கம்பெனி ஒவ்வொரு வண்டிக்கும் தனி நம்பர் கொடுக்கிறது. அந்த நம்பர் அச்சடித்த வெள்ளி நிறச் சீட்டு கதவு நிலையில் ஒட்டியிருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். போய்ப் பார்த்தேன். சீட்டு இருந்தது. நம்பர் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன் அல்லவா, அது அந்தச் சீட்டின் மேல்தான். பளபளவென்று வாகாக இருந்ததால் அங்கேயே வைத்தேன். மறு வெள்ளி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, திரும்ப வைத்தேன். ஒன்பது மாத வெள்ளிக்கிழமைகள். எந்த மை நிற்கும்? கம்பெனிக்காரன் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டான். நம்பர் அழிக்கப்பட்ட வண்டிக்கு வாரண்டி கிடையாது. வண்டி வந்த அன்று எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதியவள், டயர் நம்பர் வரைக்கும் எழுதியவள், அந்த நம்பரை எழுதவில்லை. அது நிலையில்தான் இருக்கிறதே, எங்கே போய்விடும் என்று விட்டிருந்தேன்.

கொட்டகையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். என் பூஜையே இவருக்கு எதிராகப் போய்விட்டதே என்று சொல்லி அழுதேன். பாய் என் கணவரிடம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க பினிஷிங்ல இருந்தவரு. பச்சைத் தோலுக்கு நம்பர் எப்படிப் போடுவாங்க?"

"குத்திப் போடுவாங்க. மையில போட்டா டிரம்முல சுத்தும்போதே போய்டும். ஓட்டையா குத்திட்டா கடைசி வரைக்கும் நிக்கும்."

"அதேதான். வண்டி கட்டுறவனும் முட்டாள் இல்ல. கதவுல இருக்கிறது ஊருக்குக் காட்ட ஒட்டினது. பட்டறையில அவனுக்குன்னு ஒரு நம்பர், தண்ணி படாத இடத்துல இரும்புல குத்தியிருப்பான். நான் கட்டினா கட்டிலோட சட்டத்துல, அடிப்பக்கமா குத்துவேன்."

அப்போதும் அவர் குனிந்து பார்க்கவில்லை. கை பின்னால்தான் இருந்தது. "நீங்களே கையை விடுங்கக்கா. கண்ணுக்குத் தெரியாது. விரலால தடவுங்க."

நான் தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். மேலே என் கணவர் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். இரும்புச் சட்டத்தில் துரு, தூசி, ஒரு திருகாணி, இன்னொரு திருகாணி. "இன்னும் கொஞ்சம் தலைமாட்டுப் பக்கம்" என்றார் பாய். அங்கே விரல் நுனியில் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்பட்டன. வரிசையாக.

"இருக்குது பாய்!" என்று கத்திவிட்டேன்.

"காகிதத்தை அது மேல வெச்சு பென்சிலால தேயுங்க. காசை வெச்சுத் தேய்ப்போமே சின்ன வயசுல, அது மாதிரி."

தேய்த்து எடுத்தேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளாக ஏழு எண்கள் எழும்பி வந்தன. என் கணவர் மேலிருந்து, "பாய், அப்படியே எனக்கும் ஒரு நம்பர் குத்திடுங்க. எனக்கும் வாரண்டி முடியப் போகுது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்காமலே சிரிப்பும் வந்தது.

அந்தக் காகிதத்தை அனுப்பினேன். கூடவே என்ன எழுதுவது என்று பாயிடம் கேட்டேன். "நடந்ததை எழுதுங்க. நீங்க அழிக்கலை, பூஜை பண்ணீங்க. மறைச்சு எழுதினாதான் தப்பு ஆகும்" என்றார். மஞ்சள் குங்குமம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எழுதினேன். அதைப் படித்தவன் சிரித்திருக்கலாம். ஆனால் ஆள் வருகிறான் என்று பதில் வந்தது.

அவன் வரும் முன்பு பாய் இன்னொன்று செய்தார். தோல் வெட்டுகிறவர்கள் தோலில் கோடு போட வெள்ளி நிற மை பேனா ஒன்று வைத்திருப்பார்கள். அதை எடுத்து வந்து, "சொட்டு விழற இடத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டா வாரண்டி போய்டுமா? புத்தகத்துல பாருங்க" என்றார். முழுப் புத்தகத்தையும் பார்த்தேன். வட்டம் போடக்கூடாது என்று எங்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் போட்டார். மூன்று மாதத்தில் எங்கள் வண்டியில் அவர் கை பட்டது அந்த ஒரு முறைதான்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர். இறங்கியதுமே கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். சுத்தியல், வெல்டிங் மெஷின், பசைக் குழாய்கள். முகம் மாறியது.

"வெளிப் பட்டறையில நாப்பது நாளா நிக்குது. நீங்க கை வெக்கலைன்னு எப்படி நம்பறது?"

பாய் கோபப்படவில்லை. ஏணியைக் காட்டினார்.

"ஏறிப் பாருங்க தம்பி. நான் கை வெச்சிருந்தா அது ஒழுகுமா?"

சேகர் மேலே ஏறி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். உள்ளே நாங்கள் அண்ணாந்து நின்றோம். முதல் சொட்டு வெள்ளி வட்டத்துக்கு நடுவில் திரண்டு, தயங்கி, விழுந்தது. இன்ஸ்பெக்டர் படம் எடுத்தார். பலகையை அழுத்திப் பார்த்தார். "வண்டியை அனுப்புங்கம்மா, கூரையை மாத்தித் தர்றோம்" என்றார். போகும்போது பாயிடம் தனியாக என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்றேன். "எந்தப் பசை வெச்சா நிக்கும்னு கேட்டான்" என்றார் பாய். "சொன்னீங்களா?" "சொல்லாம? உங்க கூரைக்குத்தானே வெக்கப் போறான்."

புதுக் கூரையோடு வண்டி திரும்பி வந்தது. வாரண்டி முடிந்த மறுநாள், காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இலியாஸ் பாய் ஏணியோடும் சாமான் பையோடும் நின்றார்.

"இனிமே கை வெக்கலாமாக்கா?"

நாள் கணக்கு அவருக்கு அப்படி நினைவிருந்தது. உள்ளே பார்த்துப் பார்த்து மனதில் குறித்து வைத்திருந்தவற்றை எல்லாம் அன்று முழுக்கச் செய்தார். ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவு, என் கணவர் எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, கூரையின் ஒவ்வொரு இணைப்புக்கும் புதுப் பசை. சாயங்காலம் கை கழுவிவிட்டு உள்ளே வந்து, புதுக் கூரையில் பழைய இடத்திலேயே வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"இது எதுக்கு பாய்? ஒழுகலையே."

"கம்பெனி வாரண்டி முடிஞ்சுதுக்கா. இது என்னுது. இதுக்குள்ள ஒரு சொட்டு வந்தா எனக்குப் போன் போடுங்க."

"இது எவ்வளவு நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்" என்றார்.

திருவரங்கத்தில் ஒரு மாலை நல்ல மழை. கொள்ளிடக் கரையில் நின்றிருந்தோம். வட்டத்தையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. பாய்க்குப் போன் போட்டு, பேசாமல் போனைக் கூரையோடு சேர்த்துப் பிடித்தேன். அந்தப் பக்கமும் பேச்சில்லை. வெகுநேரம் கழித்து, "சத்தம் கெட்டியா இருக்குக்கா" என்றார். "நான் எத்தனையோ கூரை போட்டிருக்கேன். உள்ள படுத்து மழை கேட்டதில்ல. நானும் ஆபிதாவும் ஒரு நாள் வர்றோம். ஏலகிரிக்குப் போலாம். அவ பிரியாணி கட்டிக்கிட்டு வருவா."

வண்டியில் ரங்கநாதர் படம் இருக்கிறது. விளக்கு ஏற்றுகிறேன். முட்டை கூட ஏற்றியதில்லை. ஒரு நொடிதான் தயங்கினேன். "பாக்கலாம் பாய்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆமாக்கா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்களா என்று கேட்டார். ஏலகிரிப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எத்தனையோ தடவை அந்த மலையடிவாரத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம். அடுத்த முறை கூப்பிடலாம், படத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். எனக்காக மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு, ஒரு நாள் படத்தை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெருமாள் கோபித்திருக்க மாட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தது நான்தான்.

திருமயத்தில் இருந்து நேரே ஆம்பூருக்கு வந்தோம். கொட்டகை பூட்டியிருந்தது. வெளியே யாரோ ஒரு பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள், செய்தி தெரியாமல். ஆபிதா கணவனுக்காக இத்தா இருக்கிறாள், நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. அவள் வீட்டுக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலியாஸ் பாயின் போன் அவள் பக்கத்தில் தரையில் கிடந்தது. நடுவில் ஒரு தடவை அடித்தது. எடுத்து, "சொல்லுங்க, வண்டிக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"இத்தா முடிஞ்சதும் ஏலகிரிக்குப் போலாம் ஆபிதா. நீ பிரியாணி கட்டிக்கிட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"மழை நாளா பாத்துப் போலாம்க்கா" என்றாள்.

அந்த நாளுக்காக இருக்கிறேன். அவர் படுக்க ஆசைப்பட்ட இடத்தில் அவள் படுத்துக் கேட்கட்டும். அவர் இல்லாமல் கேட்கிற மழை அவளுக்கு எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது.

கம்பெனியோடு எழுதிய கடிதங்கள், பென்சில் தேய்த்த காகிதம், நோட்டு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவை வாரண்டிக்கு வேண்டியிருந்தவை. அவருடையது என்று என்னிடம் இருப்பது கூரையில் அந்த வட்டம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கிறேன், நிலையைத் துடைக்கிறேன், கூரையையும் துடைக்கிறேன். வட்டத்துக்கு அருகில் வந்ததும் துணியை எடுத்துவிடுகிறேன். ஒரு முறை அழித்துப் பட்டவள்.

நேற்று எங்கள் தெருவில் மழை பெய்தது. வண்டிக்குள் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அவர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. மழை விடும் வரை பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.